உறுப்பே தொழிலாகும் சொற்கள்

ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' என்றால் கை. அதே சொல், ஓர் எழுத்துக் கூடாமலும் ஓர் ஒலி திரியாமலும், 'எடுத்துக் கொடு' என்னும் வினையாகவும் நிற்கிறது. இது அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய்த்த சலுகையன்று. உச்சந்தலை முதல் குதிகால் வரை ஆங்கில உடம்பில் எந்த உறுப்பைத் தொட்டாலும், பெரும்பாலும் அதன் பெயர் வினையாகப் புரண்டுகொள்கிறது. 'ஹெட்' தலை, ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்பதும் அதுவே. 'ஃபேஸ்' முகம்; இடரை எதிர்கொள்வதும் அதுவே. 'நோஸ்' என்னும் மூக்கு துருவித் துருவி வேவு பார்ப்பதையும், 'ஷோல்டர்' என்னும் தோள் பொறுப்பைச் சுமப்பதையும், 'எல்போ' என்னும் முழங்கை கூட்டத்தில் இடித்துக்கொண்டு வழி உண்டாக்குவதையும், 'ஸ்டமக்' என்னும் வயிறு பிடிக்காத ஒன்றைச் சகித்துக்கொள்வதையும், 'தம்ப்' என்னும் கட்டைவிரல் புத்தகத்தின் தாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதையும் குறிக்கின்றன. ஆங்கில வினைச்சொற்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெயராகப் பிறந்து வினையாக மாறியவை என்று மொழியறிஞர் ஸ்டீவன் பிங்கர் 1994ஆம் ஆண்டு வெளியான தம் 'தி லாங்குவேஜ் இன்ஸ்டிங்க்ட்' நூலில் மதிப்பிட்டார். அக்கருத்தை விளக்க அவரும் மனித உடம்பின் உறுப்புகளைத்தான் வரிசையாகத் துணைக்கு அழைத்தார்.

விகுதி எதுவும் சேராமல் ஒரு சொல் தன் இலக்கண வகையை மாற்றிக்கொள்வதை மொழியியலார் 'வகைமாற்றம்' என்பர். அவர்களுள் ஒரு சாரார், இங்கே விகுதி இல்லாமல் இல்லை, ஒலி வடிவம் பெறாத ஒரு விகுதி சேர்ந்திருக்கிறது என்று கொண்டு, இதனைச் 'சுழி விகுதியாக்கம்' எனப் பெயரிடுவர். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத விகுதியைக் கற்பிப்பது வீண் வேலை என்று தோன்றலாம். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அப்படித் தோன்றாது. 'நட', 'வா' என்னும் ஏவல் வினைகளில் 'ஆய்' விகுதி வந்து சேர்ந்து பின் மறைந்தது என்று கொள்ளும் 'விகுதி புணர்ந்து கெடுதல்' என்னும் விதி நம் இலக்கண வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவதே. வியப்பு என்னவென்றால், அந்த விதி ஓர் உரையாசிரியரின் தருக்கமாகத் தமிழில் இருக்க, ஆங்கிலத்தில் அது நாள்பட நடந்தேறிய வரலாறாகவே இருக்கிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் பெயரும் வினையும் இவ்வளவு எளிதில் குழம்பிவிடவில்லை. மீனுக்கு 'ஃபிஷ்' என்ற பெயர். மீன் பிடிப்பதற்கு அப்பெயரோடு 'இயன்' என்னும் ஈறு சேர்ந்து 'ஃபிஷியன்' என்ற வினை. அன்புக்கு 'லுவு', அன்பு செய்வதற்கு 'லுவியன்'. 'அன்', 'இயன்' முதலிய ஈறுகளே வினையெச்சத்துக்கு அடையாளமாக நின்றன. இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப வேறு ஈறுகளும் வந்தன. ஆங்கிலம் சொல்லின் முதல் அசையில் அழுத்தத்தை வைத்து உச்சரிக்கும் மொழியாதலால், கடைசி அசை நாளடைவில் தேய்ந்தது. 'அன்' என்பது 'என்' ஆகி, 'எ' ஆகி, 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பேச்சிலிருந்து ஏறக்குறைய முற்றாக மறைந்துவிட்டது. பெயருக்குரிய வேற்றுமை ஈறுகளும் அதே தேய்வில் போயின. வேலி இரு பக்கமும் விழுந்தபின் பெயரும் வினையும் ஒரே வடிவாக நின்றன. கேட்டவர்களும், ஈறு தேய்ந்ததால் ஒன்றுபோலாகிவிட்ட பழைய இணைகளைப் பார்த்து, எந்தப் பெயரையும் இப்படி வினையாக ஆளலாம் என்று வழக்கமாக்கிக்கொண்டனர். நார்மன் வெற்றிக்குப்பின் பிரெஞ்சிலிருந்து வந்து குடியேறிய 'ஃபேஸ்' போன்ற சொற்களுக்கு இப்படித் தேய்வதற்கு ஆங்கில ஈறே இருந்ததில்லை. ஆயினும் அவையும் அந்தத் திறந்த வழியிலேயே நுழைந்து வினையாயின.

தேய்ந்துபோன அந்த ஈற்றின் தடம் ஓரிரு உறுப்புச் சொற்களில் இன்றும் கேட்கிறது. வாயைக் குறிக்கும் 'மவுத்' பெயராக வரும்போது அதன் இறுதி ஒலி வெறும் காற்றாக, குரல்நாண் அதிராமல் ஒலிக்கும்; 'ஒலி எழுப்பாமல் வாயசை' என்னும் வினையாக வரும்போதோ அதே எழுத்துகள் குரல்நாண் அதிர, தமிழில் 'காது' என்னும் சொல்லின் தகரம்போல மென்மையாக ஒலிக்கும். பழைய ஆங்கிலத்தில் இவ்வகை உரசொலிகள் இரண்டு உயிரொலிகளுக்கு இடையே வந்தால் அதிர்வுடைய ஒலியாகத் திரிந்தன. வினையீற்றின் உயிர் பின்னால் நின்றதால் வினையில் அதிர்வு உண்டாயிற்று, பெயரில் உண்டாகவில்லை. உயிர் போய்விட்டது, அது உண்டாக்கிய அதிர்வு மட்டும் ஒரு மரபாக நிலைத்துவிட்டது. தமிழிலும் 'தலை'யின் தகரம் வல்லொலியாகவும் 'காது'வின் தகரம் மெல்லொலியாகவும் கேட்பதற்கு உயிர்களுக்கு இடைப்பட்ட அந்த இருப்பே காரணம் என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் புரியும். பற்களைக் குறிக்கும் 'டீத்', குழந்தைக்குப் பல் முளைப்பதைக் குறிக்கும் வினை ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடும், மூச்சுக்கும் மூச்சு விடுதலுக்கும் உரிய சொற்களின் வேறுபாடும் இவ்வகையினவே.

ஈரசைச் சொற்களில் இதற்கு வேறொரு மாற்று தோன்றியது. 'ரெக்கார்ட்' என்பதில் முதலசையில் அழுத்தம் விழுந்தால் பெயர், இரண்டாம் அசையில் விழுந்தால் வினை. இப்படிப் பிரிந்த இணைகள் 1570இல் மூன்றே இருந்தன. 1660இல் 24, 1800இல் 70, 1934இல் 150 எனப் பெருகின என்று அகராதிகளைக் கொண்டு கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆனால் உடலுறுப்புப் பெயர்களில் பெரும்பாலானவை ஓரசைச் சொற்கள்; அழுத்தத்தை நகர்த்த அவற்றில் இடமில்லை.

ஈறு தேயும் முன்பே உறுப்பை வினையாக்க ஆங்கிலத்துக்கு வேறு வழியும் இருந்தது: ஒரு லகரத்தைச் சேர்த்துக்கொள்வது. கையைக் குறித்த சொல்லிலிருந்து, கையால் தொட்டுத் தொட்டுப் புழங்குவதைக் குறிக்கும் 'ஹேண்டில்' பிறந்தது. முழங்காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து மண்டியிடுவதைக் குறிக்கும் 'நீல்' பிறந்தது. அந்த முழங்கால் சொல் 'நீ' என்றே ஒலிப்பதால் தமிழ் எழுத்தில் அது முன்னிலைப் பெயராகக் காட்சி தருவது தவிர்க்க இயலாத வேடிக்கை. இந்த லகரச் சொற்கள் இரண்டும் பழைய ஆங்கிலக் காலத்தவை. ஈறுகள் தேய்ந்தபோதும் அவை அழியவில்லை. ஆகவே 'ஹேண்ட்', 'நீ' ஆகிய உறுப்புப் பெயர்கள் பிற்காலத்தில் நேரடியாக வினையாக முயன்றபோது, தமக்கு இயல்பாக உரிய இருக்கையில் ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டன.

அதன் விளைவை ஒரே நாடகத்தில் அருகருகே வைத்துக் காணலாம். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் முழங்காலும் முழங்கையும், இரண்டும், வினையாக வருகின்றன. முழங்கால் அங்கே 'மண்டியிடு' என்னும் பொருளில் வருகிறது. முழங்கையின் வினை ஆட்சி, அகராதிகள் எடுத்துக்காட்டும் மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்று. ஒரே புலவரின் கையில் ஒரே காலத்தில் புழங்கிய இவ்விரண்டில் முழங்கை நிலைத்தது. மண்டியிடுதல் என்னும் பொருளில் முழங்கால் நிலைக்கவில்லை. முழங்கைக்குப் போட்டியாக வேறொரு வினை இல்லை; முழங்காலுக்கோ 'நீல்' முன்னரே இருந்தது. இன்று முழங்கால் வினையாக வந்தால் அது முழங்காலால் ஒருவரை இடிப்பதையே குறிக்கும். வணக்கத்துக்குரிய பொருளில் இடம் கிடைக்காததால் சண்டைக்குரிய பொருளில் குடியேறிவிட்டது. அதே புலவர் 'ஒதெல்லோ' நாடகத்தில் 'லிப்' என்னும் உதட்டை முத்தமிடுதலுக்கு வினையாக ஆண்டிருப்பதும் வழக்கில் ஊன்றவில்லை. முத்தத்துக்கு அம்மொழியில் அதற்கென்றே ஒரு சொல் இருந்தது.

இவ்வாறு ஏற்கெனவே உள்ள ஒரு சொல் புதிய சொல்லின் பொருளை மறித்து நிற்பதை 'முன்னுரிமைத் தடை' எனலாம். இதனை விரிவாக ஆராய்ந்தவர்கள் ஈவ் கிளார்க், ஹெர்பர்ட் கிளார்க் என்னும் இரு உளமொழியியலார். 1979இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் வெளியான அவர்கள் கட்டுரை, பெயரடியாகப் பிறந்த 1,300க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளைத் திரட்டி வகைப்படுத்தியது. பொருள் ஒன்றாக இருப்பதால் மட்டுமன்றி, ஒலி ஒன்றாக இருப்பதாலும் தடை நேரும் என்று அவர்கள் காட்டினர். கோடையையும் குளிர்காலத்தையும் குறிக்கும் பெயர்கள் ஆங்கிலத்தில் 'அக்காலத்தை ஓரிடத்தில் கழி' என்னும் வினையாக வருகின்றன. இளவேனிலையும் இலையுதிர்காலத்தையும் குறிக்கும் 'ஸ்பிரிங்', 'ஃபால்' ஆகியன அப்படி வருவதில்லை. அவை வினையாக வந்தால் கேட்பவர் காதில் 'துள்ளு', 'விழு' என்றே கேட்கும்.

உறுப்புச் சொற்களைப் பொறுத்தவரை இத்தடை ஒரு வினோதமான ஒழுங்கை உண்டாக்கியிருக்கிறது. இக்கட்டுரையின் மையமும் அதுவே. ஓர் உறுப்பின் பெயர் வினையானால், அவ்வுறுப்பு பிறவியிலேயே செய்யும் தொழிலை அது குறிக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் அத்தொழிலைக் குறிப்பதில்லை. கண்ணின் தொழில் காண்பது. ஆனால் கண்ணைக் குறிக்கும் 'ஐ' வினையானால் வெறுமனே காண்பதன்று, கூர்ந்து நோக்கி அளவெடுப்பது, அல்லது ஆசையோடு கண் வைப்பது. வாயின் தொழில் உண்பதும் பேசுவதும். வினையான வாய் ஒலியில்லாமல் அசைகிறது. நாக்கு சுவைப்பதில்லை, புல்லாங்குழல் முதலிய காற்றிசைக் கருவியில் ஒவ்வொரு சுரத்தையும் நாவால் வெட்டி ஒலிக்கச் செய்கிறது. பாதம் நடப்பதைவிடச் செலவுத் தொகையை ஏற்பதற்கே மிகுதியும் பயன்படுகிறது. கணக்குத் தாளின் அடியில், அதாவது பாதத்தில், மொத்தத்தைக் கூட்டி எழுதும் வழக்கத்திலிருந்து அப்பொருள் வந்தது. காது வினையாக வருவதேயில்லை. காண்பது, கேட்பது, நடப்பது, உண்பது ஆகியவற்றுக்கான வினைகள் மொழியில் மிகப் பழையவை. உறுப்பின் பெயர் வினையாகப் புறப்படும்போது அவை விட்டுவைத்த மூலை முடுக்குகளே அதற்குக் கிடைக்கின்றன.

அந்த மூலை எது என்பதை இலக்கணம் சொல்வதில்லை. அங்கேதான் கேட்பவரின் மனம் வேலை செய்கிறது. தோள் சுமக்கலாம், இடிக்கவும் செய்யலாம். உண்மையில் 'ஷோல்டர்' முதலில் இடிப்பதையும் பின்னர்தான் சுமப்பதையும் குறித்தது. உறுப்பு கருவியாக நிற்கிறதா, செயப்படுபொருளாக நிற்கிறதா என்பதுகூட வடிவத்தில் தெரியாது. முழங்கை கருவி; ஆனால் தோலைக் குறிக்கும் 'ஸ்கின்' வினையானால் தோலை உரிப்பது, எலும்பைக் குறிக்கும் 'போன்' வினையானால் இறைச்சியிலிருந்து எலும்பை நீக்குவது. இன்று தலைமை தாங்கும் 'ஹெட்', பழைய ஆங்கிலத்தில் வினையாக வந்தபோது தலையை வெட்டுவதைக் குறித்தது. ஒரே சொல் தலையைக் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஆளப்பட்டது. நீக்குவதா சேர்ப்பதா என்று சொல்லால் தெரியாத நிலைக்குத் தூசியைக் குறிக்கும் 'டஸ்ட்' எல்லோரும் காட்டும் சான்று: மேசையை என்றால் தூசியைத் துடைப்பது, பயிரை என்றால் மருந்துத்தூளைத் தூவுவது. கட்டைவிரலை வினையாக்கி 'வண்டியில் இடம் கேள்' என்று பொருள்கொள்ள, சாலையோரத்தில் நின்று கட்டைவிரலை நீட்டுவது அந்நாடுகளில் வண்டியை நிறுத்தக் கேட்கும் சைகை என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். அறியாதவருக்கு அகராதி முழுவதும் மனப்பாடமானாலும் பயனில்லை. இவ்வகை வினையைப் புதிதாகப் படைக்கும் ஒருவர், கேட்பவருக்கும் தமக்கும் பொதுவாயுள்ள உலகறிவைக் கொண்டு அவர் ஒரே பொருளுக்கு எளிதில் வந்து சேர்வார் என்னும் நம்பிக்கையில்தான் அதைச் சொல்கிறார் என்பது கிளார்க் இணையரின் முடிவு. நாளிதழ் போடும் பையன் செய்தித்தாளைத் 'திண்ணைத்தான்' என்றால், திண்ணையில் எறிந்தான் என்றுதான் கொள்வோமேயன்றித் திண்ணையால் அடித்தான் என்று கொள்ளமாட்டோம்; அவர்கள் காட்டிய ஆங்கிலச் சான்றும் ஏறக்குறைய இதுவே.

குழந்தைகள் இதை யாரும் கற்றுக்கொடுக்காமலே செய்கின்றனர். எடை பார்க்கும் தராசைக் குறிக்கும் சொல்லை, 'நிறு' என்னும் வினை கைவராத இரண்டு வயதுக் குழந்தை அப்படியே வினையாக்கிச் சொன்னதை ஈவ் கிளார்க் பதிவு செய்திருக்கிறார். 'நிறு' என்பதைக் கற்றதும் குழந்தை தன் புனைவைக் கைவிட்டுவிடுகிறது. மொழி வரலாற்றில் நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட முன்னுரிமைத் தடை, ஒரு குழந்தையின் வாயில் சில மாதங்களில் நிகழ்ந்து முடிகிறது.

உறுப்பு வினைகளைப் பட்டியலிடுபவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்றுண்டு. படைக்கலம் தரிப்பதைக் குறிக்கும் 'ஆர்ம்' என்னும் வினையைக் கையின் பெயராகிய 'ஆர்ம்' என்பதோடு சேர்த்துவிடுவர். வினை இலத்தீனில் படைக்கலத்தைக் குறிக்கும் 'ஆர்மா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, கையின் பெயரோ செருமானியக் குடும்பச் சொத்து. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறிக்கும் 'ஹீல்' குதிகாலுக்கு உறவன்று. பழைய ஆங்கில விவிலியத்தில் காதின் பெயரை ஒத்த ஒரு வினை வருவதைக் கண்டு காதும் வினையானதே என்று மகிழ்வோர், அது உழுதலைக் குறிக்கும் வேறொரு பழஞ்சொல் என்பதை அறிந்தால் ஏமாந்து போவர். தமிழிலும் இத்தகைய பொய்த்தோற்றங்கள் நிறைய உண்டு. பாதமாகிய 'அடி'யும் புடைத்தலாகிய 'அடி'யும், நடக்கும் 'கால்' என்பதும் கக்குதலைக் குறிக்கும் 'கால்' என்பதும், உண்ணும் 'வாய்' என்பதும் கிடைத்தலைக் குறிக்கும் 'வாய்' என்பதும் ஒலியால் ஒன்றாயினும் அகராதிகள் வெவ்வேறு சொற்களாகவே பதிகின்றன.

ஒரே வடிவம் இருவகையாக நிற்கும்போது மூளை அதனை ஒரே இடத்தில் வைத்திருக்கிறதா என்னும் கேள்விக்கு, மூளைப் பாதிப்பால் மொழி குலைந்தவர்களிடம் ஒரு விடை கிடைத்தது. அல்ஃபோன்ஸோ காரமாஸா, ஆர்ஜி ஹில்லிஸ் ஆகியோர் 1991இல் 'நேச்சர்' இதழில் இரு நோயாளிகளைப் பற்றி எழுதினர்; இருவருக்கும் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே கடினமாயிருந்தன, ஆனால் ஒருவருக்குப் பேசும்போது, மற்றவருக்கு எழுதும்போது. கண்ணாடியிலுள்ள விரிசலையும் கொட்டையை உடைப்பதையும் ஒருங்கே குறிக்கும் 'கிராக்' போன்ற சொற்களைத் தொடரில் வைத்துக் கொடுத்தபோது, அதே எழுத்துகள், அதே ஒலி, ஆயினும் பெயராக நின்றால் வெளிவந்த சொல் வினையாக நின்றால் தடுமாறியது. ஒலிப்பதில் கடினம் என்று சொல்ல இயலாது, எழுத்துக்கூட்டுவதில் கடினம் என்றும் சொல்ல இயலாது. ஒரே ஒலி வடிவின் பெயர்ப் பயனும் வினைப் பயனும் மூளையில் தனித்தனியே பாதிக்கப்படக்கூடியவை என்றே கொள்ள வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஓலாஃப் ஹாக், இங்க்ரிட் ஜான்ஸ்ரூட், ஃப்ரீட்மன் புல்வர்முல்லர் ஆகியோர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது: நக்குதல், பொறுக்குதல், உதைத்தல் ஆகிய வினைகளைப் பேசாமல் படிக்க மட்டுமே செய்தபோதும், முறையே முகத்தையும் கையையும் காலையும் அசைக்கும் மூளைப் பகுதிகளிலோ அவற்றையொட்டியோ இரத்த ஓட்டம் மிகுந்தது. உறுப்பின் பெயரைச் சொல்லாத வினைகளிலும் உறுப்பு மறைந்து நிற்கிறது என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. அவ்வாறு தூண்டப்படுவது பொருளின் பகுதியா, பொருள் விளங்கியபின் எழும் எதிரொலியா என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு இம்முடிவை நீட்டிச் செல்லாதிருப்பது நல்லது.

நலமுள்ள மூளைக்கு இக்குழப்பம் பொருட்டாகத் தெரிவதில்லை. முன்னால் நிற்கும் 'த', 'டு' போன்ற சிறுசொற்களே பெயரென்றும் வினையென்றும் அறிவித்துவிடுகின்றன. கணினிக்குத்தான் தலைவலி. 1960களில் பிரவுன் பல்கலைக்கழகம் திரட்டிய 10 லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பில், தனிச்சொற்களாக எண்ணினால் நூற்றுக்கு 11.5 மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வரக்கூடியவை. ஓடும் உரையில் அவை மீண்டும் மீண்டும் வருவதை எண்ணினாலோ நூற்றுக்கு 40க்கு மேல் என்று 1988இல் கணக்கிடப்பட்டது. அடிக்கடி புழங்கும் சொற்களே இரட்டை வேடமும் போடுகின்றன.

தமிழில் இந்த வேடம் எளிதன்று. பெயர் வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. வினை காலம் காட்டும், வேற்றுமை ஏலாது என்று தொல்காப்பியம் வகுத்த எல்லை இன்றும் சொல்லின் வாலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 'கை' வினையாக வேண்டுமானால் அதற்கு இன்னொரு வினை துணை நிற்க வேண்டும்: கையாள், கைவிடு, கைக்கொள், கைப்பற்று, கைகொடு, கையளி, கைகழுவு. ஆங்கிலத்தில் அதே பணியைப் பின்னால் வரும் 'இன்', 'அவுட்', 'ஓவர்', 'டவுன்' போன்ற சிறுசொற்கள் செய்து, சமர்ப்பித்தல், பகிர்ந்தளித்தல், ஒப்படைத்தல், வழிவழியாகக் கொடுத்தல் எனக் கொடுப்பதன் வகைகளைப் பிரித்துக் காட்டுகின்றன. தமிழ்க்கை எடுக்கவும் விடவும் கழுவவும் செய்யும்; வினையான ஆங்கிலக்கை கொடுப்பதை விட்டு அதிகம் நகர்வதில்லை.

ஆயினும் உறுப்பின் பெயரே வினையாகும் ஒரு வாயிலைத் தமிழ் இலக்கணம் தனியே திறந்து வைத்திருக்கிறது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகப் பிறந்து, காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் செய்பவரை மட்டும் காட்டும் குறிப்பு வினைமுற்றே அது. சினை என்பது உறுப்பு. 'அவன் கண்ணன்' என்னும்போது கண்ணோடு ஆண்பால் விகுதி சேர்ந்து, கண்ணை உடையவன் என்னும் பயனிலையாகிறது. 'யான் கண்ணேன்', 'அவள் கண்ணள்' என அது எண்ணும் இடமும் பாலும் ஏற்று வினைபோலவே திரியும். அதே 'கண்ணன்' எழுவாயாக நின்றால் பெயர். ஆனால் இந்த வினை எதையும் செய்வதில்லை. கண்ணை உடைமையாகக் காட்டுவதோடு நின்றுவிடும். ஆங்கிலக் கண் ஒருவரை அளவெடுக்கும், தமிழ்க்கண் இருக்கும்.

மனித உடம்பில் தமிழ் காட்டாத தாராளத்தைச் செடியின் உடம்பில் காட்டுகிறது. பூ பெயர், மரம் பூத்தது. காய் பெயர், மரம் காய்த்தது. கனி, மலர், அரும்பு, தளிர், துளிர், முளை, கிளை ஆகிய யாவும் இப்படியே எந்தச் சேர்க்கையுமின்றிப் பெயராகவும் வினைப்பகுதியாகவும் நிற்கின்றன. தொல்காப்பிய மரபியல் மரத்தின் உறுப்புகளாக எண்ணும் தளிர், பூ, அரும்பு ஆகியனவும் இதனுள் அடங்கும். இவற்றில் பெயர் முந்தியதா வினை முந்தியதா என்று பிரிப்பது எளிதன்று. வினைப்பகுதியே பெயராவதை முதனிலைத் தொழிற்பெயர் என்று இலக்கணம் ஏற்பதால், ஆங்கிலத்தின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கலாம். எல்லாச் செடியுறுப்புக்கும் இச்சலுகை இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இலையும் தண்டும் வினையாகி வழங்கவில்லை. வேர் வினையானால் வியர்ப்பதாகிவிடும் என்பதால், மரம் 'வேரூன்றியது' என்றும் 'வேர்விட்டது' என்றும் சுற்றி வளைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஃபால்' என்பதற்கு ஆங்கிலத்தில் நேர்ந்த அதே ஒலித்தடை இங்கே வேருக்கு நேர்ந்திருக்கிறது. பூவும் முளையும் செடிக்கு நேர்பவை. கையும் முழங்கையும் மனிதர் பயன்படுத்துபவை. ஆங்கிலம் உறுப்பைக் கருவியாக்கி வினை செய்கிறது, தமிழ் தோன்றுதலே இயல்பான உறுப்பை வினையாக்குகிறது. மனித உறுப்பு தோன்றுவதையே குறிக்கும் அரிய ஆங்கில வினையாகிய பல் முளைத்தலுக்குத் தமிழ் ஒரு செடி வினையைத்தான் கடன் கேட்டிருக்கிறது.

ஆங்கில உறுப்பு வினைகள் தமிழ்ப் பேச்சுக்குள் வரும்போது அவற்றுக்கு நேர்வது இந்த வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டும். ஆங்கிலத்தில் ஈறில்லாமலே வினையான 'ஃபேஸ்' தமிழில் தனித்து நிற்க இயலாமல் 'ஃபேஸ் பண்ணு' என்றாகிறது. காலமும் இடமும் 'பண்ணு' என்பதில் ஏற, அயல் வினை மீண்டும் பெயர்போல ஒடுங்கி நிற்கிறது. இலங்கைத் தமிழர் அதே பொருளில் இயல்பாக வழங்கும் 'முகங்கொடு' என்பதன் அமைப்பும் இதுவே. முகத்துக்கும் கொடுப்பதற்கும் இடையே வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. லகரம் சேர்த்துக் கையிலிருந்து பிறந்த 'ஹேண்டில்' தமிழ்நாட்டுத் தெருவில் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது: மிதிவண்டி பழகும் பிள்ளையிடம் 'ஹேண்டிலை நேராப் பிடி' என்பார்கள், அடங்காத ஆளைப் பற்றி 'அவனை நான் ஹேண்டில் பண்ணிக்கிறேன்' என்பார்கள். முன்னதில் ஐகார உருபும் பின்னதில் 'பண்ணு' என்பதும் ஒட்டிக்கொள்வதால், எது பொருள், எது தொழில் என்று கேட்பவர் ஒருவரும் தயங்குவதில்லை.